வாகனத்தில் அடிபட்ட ஆடு: கழுத்தைப் பார்க்கிறோம், உரிமையாளரைப் பார்ப்பதில்லை!





நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் எங்களைப் போன்றோரிடம் ஆண்டில் பலமுறை வந்து சேரும் கேள்வி ஒன்று உண்டு. "உஸ்தாத், வண்டியில் ஓர் ஆடு அடிபட்டுவிட்டது. உடனே பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்துவிட்டோம். சாப்பிடலாமா?" கேட்பவர் பெரும்பாலும் தொலைபேசியில்தான் கேட்பார். சில வேளைகளில் பின்னணியில் இறைச்சி துண்டுபோடும் ஓசையும் கேட்கும். அதாவது முடிவு எடுத்தாயிற்று, அடுப்பும் மூட்டியாயிற்று. எங்களிடமிருந்து வேண்டுவது ஓர் "ஆம்" மட்டுமே.

நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ஆடு யாருடையது?" அப்போதுதான் மறுமுனையில் அமைதி நிலவுகிறது. அறுத்த கத்தியின் கூர்மை, ஓடிய இரத்தம், கிப்லாவை முன்னோக்கிய விதம் ஆகிய அனைத்தையும் விவரித்த அதே நாவுக்கு இந்த எளிய கேள்விக்கு விடை தெரிவதில்லை. "சாலையோரம் மேய்ந்துகொண்டிருந்தது உஸ்தாத், யாரும் வரவில்லை" என்பார்கள். வரும்வரை நின்றீர்களா என்று கேட்டால் தொடர்பு துண்டிக்கப்படும்.

இது குறித்து நம் சமுதாயத்தில் நிலவும் அலட்சியத்தைக் கண்டிக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம். "வீணாகப் போவதைவிட உண்பது மேல்" என்றும், "பிஸ்மில்லாஹ் சொன்னால் ஹலாலாகிவிடும்" என்றும், "ஆபத்துக்குப் பாவமில்லை" என்றும் மார்க்கத்தின் பெயராலேயே சொல்லப்படும் நியாயங்கள் எவையும் மார்க்கத்தின் நியாயங்கள் அல்ல.

முதலில் செத்த பிராணியைப் பற்றிப் பேசுவோம். திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயமாகிய அல்மாயிதாவின் 3ஆம் வசனத்தில் அல்லாஹ் தானாகச் செத்ததை விலக்கியதோடு நிறுத்தவில்லை. மூச்சுத் திணறிச் செத்தது, அடிபட்டுச் செத்தது, உயரத்திலிருந்து விழுந்து செத்தது, முட்டுப்பட்டுச் செத்தது, வனவிலங்கு கடித்துச் செத்தது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பெயர் சொல்லி விலக்குகிறான். உயிர் பிரியுமுன் முறைப்படி அறுக்கப்பட்டதற்கு மட்டுமே விலக்கு அளிக்கிறான். அடிபட்டுச் செத்ததற்கு அங்கே ஆளப்பட்டுள்ள சொல் 'அல்மவ்கூதா'. கூர்மையற்ற கனமான பொருளால் தாக்கப்பட்டு மாண்டது என்பது அதன் பொருள். அறியாமைக் காலத்து அரபியர் பிராணியைத் தடியால் அடித்துக் கொன்று உண்டுவந்தனர் என்று கத்தாதா (ரஹ்) அவர்கள் இதற்கு விளக்கம் கூறியதைத் தஃப்ஸீர் நூல்கள் பதிவு செய்துள்ளன. தடிக்குப் பதிலாக இரும்பு முகப்பும் நான்கு சக்கரங்களும் வந்திருக்கின்றன. பெயர் அதேதான்.

அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்கள் வேட்டை பற்றிக் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அளித்த விடை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. இறகில்லாத கனத்த அம்பின் கூர்முனை தைத்துச் செத்ததை உண்ணலாம், அதன் பக்கவாட்டுப் பகுதி மோதிச் செத்ததோ அடிபட்டுச் செத்ததாகும், அதை உண்ணக்கூடாது என்பது அதன் கருத்து. வேட்டைக்கென்றே எய்யப்பட்ட அம்புக்கே இந்தச் சட்டம் என்றால், எங்கோ விரைந்து செல்லும் காருக்கு என்ன சட்டம் என்பதை விளக்கவும் வேண்டுமா? "வண்டி எடுக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லித்தானே எடுத்தோம், அதனால் இதுவும் வேட்டைதானே" என்று ஓர் இளைஞர் எங்களிடம் வாதிட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அவர் தட்டில் அந்த இறைச்சி இருந்தது உண்மை. பயணத்திற்குச் சொன்ன பிஸ்மில்லாஹ் பயணத்திற்கு. ஆடும் கோழியும் வேட்டைப் பிராணிகளும் அல்ல. கைக்கு எட்டும் வீட்டுப் பிராணிக்குக் கழுத்தில் அறுப்பதைத் தவிர வேறு வழியை மார்க்கம் திறந்துவிடவில்லை.

ஆகவே, கத்தி படுமுன் உயிர் பிரிந்த பிராணி மைத்தா. அதன்பின் ஆயிரம் முறை பிஸ்மில்லாஹ் சொல்லிக் கழுத்தை அறுத்தாலும் அது மைத்தாவே. செத்ததை அறுத்துவிட்டு "அறுத்த கறி" என்று உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுத்தனுப்புவது அவர்களை அறியாமல் ஹராமை உண்ணச் செய்யும் மோசடி. அதை உணவகத்துக்கு விற்பதோ இன்னும் கொடியது. மக்கா வெற்றியின் ஆண்டில் மது, செத்தவை, பன்றி, சிலைகள் ஆகியவற்றின் விற்பனையை நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள் என ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் பிரபலமானது. அந்த விலையில் வாங்கிய அரிசியைப் பிள்ளைக்கு ஊட்டுகிறவர் எதை ஊட்டுகிறார் என்பதைச் சிந்திக்க வேண்டாமா?

அடிபட்டும் உயிரோடு கிடக்கும் பிராணியின் நிலை வேறு. இங்கேதான் மத்ஹபுகளின் நுட்பம் வருகிறது, இங்கேதான் நம் மக்கள் அவசரமும் படுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் விபத்து, கடி போன்ற வெளிக்காரணத்தால் சாகக்கிடக்கும் பிராணியிடம் அறுப்பைத் தொடங்கும் வேளையில் 'ஹயாத்துன் முஸ்தகிர்ரா' எனப்படும் நிலைபெற்ற உயிர் இருக்க வேண்டும். பார்வை, குரல், தன் விருப்பப்படி அசையும் ஆற்றல் ஆகியவை எஞ்சியிருக்கும் நிலை அது. சற்று நேரத்தில் அது எப்படியும் செத்துவிடும் என்பது தடையன்று. ஆனால் அறுபட்ட பிராணி துடிப்பதைப் போன்ற வெறும் துடிப்பு மட்டுமே மிஞ்சியிருந்தால் அறுத்தும் பயனில்லை. உயிர் நிலைபெற்றிருந்ததா என்று ஐயம் எழுந்தால் அறுத்தபின் வரும் வலுவான துடிப்பும் பீறிட்டுப் பாயும் இரத்தமும் அடையாளங்களாகக் கொள்ளப்படும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடத்தில் வட்டம் சற்று விரிவானது: அறுக்கும்போது உயிர் இருந்தது உறுதியானால் அது சிறிதளவாயினும் போதும். அதே ஹனஃபீ மத்ஹபில் வேண்டுமென்றே பிஸ்மில்லாஹ்வை விட்டால் அந்த இறைச்சி கூடாது. ஷாஃபிஈயில் பிஸ்மில்லாஹ் சுன்னத். நம் ஊர்களில் சிலர் உயிர் விஷயத்தில் ஹனஃபீயாகவும் பிஸ்மில்லாஹ் விஷயத்தில் ஷாஃபிஈயாகவும் ஒரே ஆட்டிலேயே மாறிக்கொள்கிறார்கள். மத்ஹபு பசிக்கேற்ப மாற்றிக்கொள்ளும் சட்டையன்று!

ஐயம் தீராத இடத்தில் என்ன செய்வது? அம்பு பட்ட வேட்டைப் பிராணி தண்ணீரில் விழுந்து செத்திருந்தால் அதை உண்ணாதே, அதைக் கொன்றது தண்ணீரா உன் அம்பா என்பது உனக்குத் தெரியாது என்று அதே அதீ (ரலி) அவர்களுக்குக் கூறப்பட்டது. கொன்றது சக்கரமா கத்தியா என்று தெரியாதவருக்கும் விடை இதுவே. இறைச்சியின் அடிப்படை விலக்கல். அறுக்கப்பட்டது உறுதியானால்தான் அனுமதி. காய்கறி விஷயத்தில் "ஹராம் என்பதற்கு ஆதாரம் காட்டு" என்று கேட்கலாம். இறைச்சியில் ஹலால் என்பதற்கே ஆதாரம் வேண்டும்.

இனி இக்கட்டுரையின் உயிர்நாடியான விஷயத்திற்கு வருகிறோம். உயிரோடு கிடந்த ஆட்டை முறைப்படி அறுத்தீர்கள். இறைச்சி ஹலாலானது. ஆனால் உங்களுக்கு ஹலாலானதா?

கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் ஆடுகளை மதீனாவின் ஸல்உ மலையடிவாரத்தில் ஓர் அடிமைப் பெண் மேய்த்துவந்தார். ஓர் ஆடு சாகும் நிலையில் இருப்பதைக் கண்டு, கல்லொன்றை உடைத்து அதன் கூர்முனையால் அறுத்தார். கஅப் (ரலி) அவர்களோ, நபி (ஸல்) அவர்களிடம் கேட்டு அறியும்வரை யாரும் உண்ண வேண்டாம் என்று தடுத்துவிட்டார். பின்னர் நபியவர்கள் அதை உண்ண அனுமதித்தார்கள். புகாரியில் வரும் இந்நிகழ்வை நம்மவர் எல்லோரும் ஆதாரமாகச் சொல்வார்கள். அதில் ஒரு பாதியை மட்டும் சொல்வார்கள். அந்தப் பெண் ஆட்டை அறுத்தது யாருக்காக? ஆட்டின் சொந்தக்காரருக்காக. இறைச்சி போய்ச் சேர்ந்தது யாரிடம்? ஆட்டின் சொந்தக்காரரிடம். உடைமை முழுதும் அழியாமல் காத்துக்கொடுத்த அமானிதம் அது. அறுத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டு மறைந்துபோவதற்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை. பிறருடைய கால்நடையின் பாலைக்கூட உரிமையாளரின் அனுமதியின்றிக் கறக்கலாகாது என்று தடுத்த மார்க்கம், அந்தக் கால்நடையையே டிக்கியில் ஏற்றிச் செல்ல அனுமதிக்குமா?

காணாமல்போன ஆடு பற்றிய ஹதீஸையும் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அது உனக்கு, அல்லது உன் சகோதரனுக்கு, அல்லது ஓநாய்க்கு என்ற கருத்தில் வருவது. அது ஆளற்ற வெட்டவெளியில் வழிதவறிய ஆட்டைப் பற்றியது. அதை எடுத்து உண்டவரும் உரிமையாளர் வந்தால் அதன் விலையைக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்றே பெரும்பான்மை இமாம்கள் கூறுகின்றனர். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கழுத்தில் கயிறோடு மேயும் ஆடு வழிதவறியது அன்று. அதன் வீடு இருநூறு அடி தள்ளி இருக்கிறது. வழிதவறி வந்தது உங்கள் வண்டி.

அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் நான்கைந்து ஆடுகளை வைத்துப் பிழைப்பு நடத்தும் ஓர் ஏழைப் பெண்மணி இருப்பார். கணவரை இழந்தவராக இருக்கலாம். மாற்று மதத்தவராக இருக்கலாம். ஆடுதான் அவருக்கு வங்கி. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் ஒன்றை விற்பார், மருத்துவமனைக்குப் போக ஒன்றை விற்பார். மாலையில் ஆடுகளை எண்ணிப் பார்க்கும்போது ஒன்று குறைகிறது. சாலையில் இரத்தக்கறை மட்டும் கிடக்கிறது. நம்முடைய காரின் பின்கண்ணாடியில் பிறையும் நட்சத்திரமும் ஒட்டியிருந்ததை யாராவது பார்த்துச் சொல்லியும் இருப்பார்கள். மறுமையில் அநீதி இழைக்கப்பட்டவருக்குக் கொடுக்க நம்மிடம் பணமா இருக்கப்போகிறது? நன்மைகளை அல்லவா எடுத்துக் கொடுக்க நேரும்! அவர் முஸ்லிம் அல்லர் என்பது இந்தக் கணக்கை இலேசாக்காது.

"நாம் வேண்டுமென்றா இடித்தோம்?" என்பது அடுத்த வாதம். பாவம் நீங்குவதற்கு அது காரணமாகலாம், இழப்பீடு நீங்குவதற்குக் காரணமாகாது. பிறர் உடைமையைத் தவறுதலாக அழித்தவரும் ஈடு செய்ய வேண்டும் என்பது ஃபிக்ஹில் நிலைபெற்ற விதி. 1993இல் புருணையில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவையும் வாகன விபத்துகள் பற்றிய தீர்மானத்தில் ஓட்டுநரின் பொறுப்பை இதே அடிப்படையில் உறுதி செய்தது. தவிர்க்க முடியாத நிலைகளுக்கும் பாதிக்கப்பட்டவரின் சொந்தத் தவறுக்கும் அது விலக்கு அளித்தது. கால்நடைகளைக் கட்டுப்படுத்தாமல் அலட்சியமாக விட்ட உரிமையாளரின் பொறுப்பையும் அது சொல்லாமல் விடவில்லை. இரவில் நெடுஞ்சாலையில் மாடுகளைப் படுக்கவிடும் உரிமையாளர்கள் மனித உயிர்களுக்கே எமனாகிறார்கள், அதையும் கண்டிக்கிறோம். ஆனால் யார் பக்கம் எவ்வளவு தவறு என்பதை இருவரும் நின்று பேசித் தீர்க்க வேண்டும். இறைச்சியோடு ஓடிப்போனவர் தனக்குத்தானே நீதிபதியாகித் தீர்ப்பும் எழுதிக்கொள்கிறார்.

நாட்டின் சட்டமும் இதையே கேட்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, விபத்தில் பிறருடைய சொத்துக்குச் சேதம் நேர்ந்தாலும் ஓட்டுநர் காவல்துறை கேட்கும் தகவலைத் தர வேண்டும், காவலர் அங்கு இல்லையெனில் 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆடு சொத்துதான். அதன் உடலும் சொத்துக்காரருக்கே உரியது.

மான், முயல், காட்டுப்பன்றி, மயில் என்றால் பேச்சே வேறு. காட்டுப்பன்றி நமக்கு எந்நிலையிலும் ஹராம். மயில் ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி உண்ணத் தகாதது. மானும் முயலும் உண்ணத் தக்கவையே. எனினும் முதுமலை, சத்தியமங்கலம் வழியாகச் செல்லும்போது மான் ஒன்று அடிபட்டு, உயிரோடு பிடித்து அறுத்தாலும் அது உங்களுடையதாகாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி செத்துக்கிடக்கும் வனவிலங்கும், தவறுதலாகக் கொல்லப்பட்ட வனவிலங்கும் அரசின் உடைமை. கையில் எடுத்தவர் 48 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் சமைத்தவருக்குக் காத்திருப்பது சிறை. "நாட்டுச் சட்டம்தானே, மார்க்கத்தில் ஹலால்" என்று இங்கே வாதிடுவோருக்கு ஒன்று சொல்கிறோம்: பொது உடைமையைக் களவாடுவதை மார்க்கம் எந்தப் பக்கத்தில் ஹலாலாக்கியது?

வெளிநாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் வேறொரு வாதத்தை அனுப்பிவைக்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2019 முதல் வாகனத்தில் அடிபட்ட மானை அனுமதிச் சீட்டுப் பெற்று எடுத்து உண்ணலாம். அலாஸ்காவில் அடிபட்டுச் செத்த பெரிய கடமான்களின் இறைச்சி அறநிறுவனங்களுக்கு வழங்கப்படுகிறது. இதையெல்லாம் காட்டி, "இறைச்சிக்கென்று வளர்த்துக் கொல்வதைவிடத் தற்செயலாகச் செத்ததை உண்பதுதானே கருணை?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் நேர்மை இருப்பதால் சற்று நின்று பதில் சொல்கிறோம். அந்தச் சட்டங்கள் உணவு வீணாகக் கூடாது என்று கருதுகின்றன, அது நல்ல நோக்கமே. ஆனால் அவை கேட்பது, பிராணி யாருடையது, எங்கே கிடந்தது என்பதையே. எப்படி உயிர் பிரிந்தது என்பது நம் மார்க்கத்தின் கேள்வி. உயிர் படைத்தவனுடையது. அதை எடுக்க அவன் பெயரைச் சொல்லி, கத்தியைத் தீட்டி, பிராணிக்கு வேதனை குறைத்து, "நான் எடுக்கிறேன்" என்று பொறுப்பேற்று நிற்கும் ஒரு மனிதனை அவன் நிபந்தனையாக்கியிருக்கிறான். சாலையில் செத்ததற்கு அப்படி யாரும் பொறுப்பேற்கவில்லை. கொன்றவன் போய்விட்டான், தின்பவன் "நான் கொல்லவில்லை" என்கிறான். பொறுப்பில்லாமல் இறைச்சி மட்டும் கிடைப்பதைக் கருணை என்று சொல்ல முடியவில்லை. அங்கே வாழும் முஸ்லிமுக்குச் சீட்டு கிடைத்தாலும் செத்த மான் மைத்தாவே.

'வீண் விரயம்' என்ற சொல்லை நம்மவரும் விடுவதில்லை. திருமண வீடுகளில் அண்டா அண்டாவாகப் பிரியாணி குழியில் கொட்டப்படும்போது நினைவுக்கு வராத வசனம், ஓசி இறைச்சியைக் கண்டதும் நினைவுக்கு வருவது விந்தை! செத்த ஆட்டிலிருந்து பயன் பெறும் வழியையும் மார்க்கம் காட்டியே இருக்கிறது. மைமூனா (ரலி) அவர்கள் விடுவித்த பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துக்கிடப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்றார்கள். அது செத்ததாயிற்றே என்று கூறப்பட்டபோது, உண்பதுதான் தடை என்று விளக்கினார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தலைமுறைகளாகத் தோல் பதனிட்டுப் பெயர் பெற்ற சமுதாயத்திற்கு இதை நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தோல் உரிமையாளருக்கு. மற்றதைப் புதைத்துவிடலாம்.

நிர்ப்பந்தம் என்பதும் அப்படியே. பசியால் உயிர் போகும் நிலையில், பாவத்தின்பால் சாயாமல், உயிர் தரிக்கும் அளவு உண்பதற்கு அதே 3ஆம் வசனத்தின் இறுதியில் சலுகை உண்டு. அடுத்த பத்து நிமிடத்தில் பரோட்டாக் கடை வரும் சாலையில் அந்தச் சலுகையைப் பேசுவது வெட்கக்கேடு.

இதே நோயின் வேறொரு வடிவத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. கோழி ஏற்றிய லாரியோ மீன் ஏற்றிய வண்டியோ கவிழ்ந்தால் பைகளோடு ஓடும் கூட்டத்தில் தொப்பி அணிந்தவர்களையும் பார்க்கிறோம். மீனுக்கு அறுப்பு தேவையில்லை, செத்த மீனும் ஹலால். உள்ளே ஓட்டுநர் இரத்தம் சொட்டக் கிடக்கும்போது அள்ளிவந்த மீன் மட்டும் எப்படி ஹலாலாகும்? உண்ணும் பொருளில் குற்றமில்லை, வந்த வழியில் இருக்கிறது. "ஹலால் உணவகம்" என்ற பலகையைத் தேடித்தேடி உண்ணும் நாம், வந்த வழியைப் பார்க்க எந்தப் பலகையைத் தேடுகிறோம்?

வண்டி ஓட்டும் சகோதரர்கள் செய்ய வேண்டியது இதுதான். இடித்துவிட்டால் பாதுகாப்பாக ஒதுங்கி நிறுத்துங்கள். முதலில் மனிதர் எவருக்கேனும் காயமா என்று பாருங்கள். ஆடு உயிரோடு இருந்தால் அருகிலுள்ள தேநீர்க் கடையில் கேட்டாலே உரிமையாளர் யாரென்று தெரிந்துவிடும். அவர் வருவதற்குள் செத்துவிடும் என்று உறுதியாகத் தெரிந்து, அறுக்கத் தெரிந்தவர் உடனிருந்தால், அவருடைய உடைமையைக் காக்கும் எண்ணத்தோடு அறுங்கள். இறைச்சியை அவரிடம் ஒப்படையுங்கள். அவரே விலைக்குக் கொடுத்தாலோ மனமுவந்து தந்தாலோ அது உங்களுக்கு ஹலால். செத்துவிட்டிருந்தால் அந்த ஆட்டின் சந்தை மதிப்பைப் பேசித் தீருங்கள். பால் தரும் ஆடா, சினையாடா என்பதும் மதிப்பில் சேரும், வெறும் கறி விலையைக் கணக்கிட்டு நூறு ரூபாய்த் தாள்களைத் திணித்துவிட்டு வராதீர்கள். யாரும் வரவில்லையெனில் உங்கள் தொலைபேசி எண்ணைக் கடைக்காரரிடம் கொடுத்து, காவல் நிலையத்திலும் தெரிவித்துவிட்டுச் செல்லுங்கள். முன்பு எப்போதோ இப்படி எடுத்துச் சென்றவர்கள், ஊர் நினைவிருந்தால் அந்த ஊருக்கே சென்று விசாரியுங்கள். எவ்வளவு தேடியும் உரியவரோ வாரிசோ கிடைக்காவிட்டால் அத்தொகையை அவருக்காக ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். பின்னர் ஒருநாள் அவர் வந்து கேட்டால் மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.